ஹோல்டான்

"ப்ளீஸ் ஹோல்ட் த லைன், மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனவள் போனவள்தான். பதினோரு நிமிஷமாக போனுக்குள் ஒரு புல்லாங்குழல் படி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. நடுநடுவே ஒரு தேன்குரல் வந்து, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றது. முக்கியமான ஆளை இப்படித்தான் வாசலில் நிற்க வைப்பார்களாக்கும் என்று வடிவு டீச்சர் மனசுக்குள் ஒரு கொட்டு வைத்தாள். மத்தியானம் மூன்று மணி. அருப்புக்கோட்டை வெயில் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் கிடந்தது. கட்டிலில் அவர் கிடந்தார், அவளுடைய வீட்டுக்காரர். டீச்சர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தன் போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய வலது கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, ஒவ்வொரு விரலாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். ஒரு விரலுக்கு இருபது தடவை என்று பிசியோதெரபிக்காரர் கணக்கு. சுட்டுவிரல் பதினாலில் இருந்ததா, பதினாறிலா? மறந்துவிட்டது. பத்திலிருந்து வைத்துக்கொள்வோம், கூடப் போனால் விரல் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. போனில் பதினெட்டு சதவீதம் சார்ஜ் இருந்தது. சார்ஜர் வயர் கட்டில் வரைக்கும் எட்டாது. எழுந்து போய் பிளக் பக்கமாக நின்றுகொள்ளலாம்தான், ஆனால் அந்தப் பெண் திரும்பி வருகிற நேரத்தில் போன் அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். அவருடைய நம்பர் சாகக் கிடந்தது. பத்தொன்பது வருஷமாக ஒரே நம்பர், கடைசியில் மூன்று ஏழு வரும். எழுபத்து நாலு நாளைக்கு முன்னால் ஒரு காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாய் ஒரு பக்கமாகக் கோணி, பிரஷ்ஷோடு குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ், மதுரை, ஸ்கேன், இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி. அன்றைக்கு பீரோ டிராயருக்குள் போன அவருடைய போனை யாரும் நினைக்கவில்லை. பேச்சுப் போனவர், போன வாரம் அவராகவே இடது கையால் பீரோவைக் காட்டி, சைகையிலேயே அதை வாங்கினார். சார்ஜ் போட்டதும் முதலில் வந்தது அந்த மெசேஜ்தான். பயன்பாட்டில் இல்லாததால் நிறுத்தி வைத்திருக்கிறோம், முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் உரிமையாளர் தன் குரலில் உறுதி செய்யாவிட்டால் நம்பர் வேறு ஒருவருக்குப் போய்விடும். டீச்சர் அதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. அவர் போனைக் காதில் வைத்தார். உள்ளே சத்தமே இல்லை. இருந்தாலும் காதிலிருந்து எடுக்கவில்லை, அப்படியே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டவர்தான். வாய்ப் பயிற்சி கிடையாது, பயிற்சிக்குக் கொடுத்த விசிலை ஊதுவது கிடையாது, ஊட்டினால் சாப்பிடுவார், அவ்வளவுதான். அவர் வாய் வரட்டும் என்று காத்திருந்ததில், இன்றைக்கு முப்பதாம் தேதி.

ஹோல்ட் த லைன். எந்த லைனை, எந்தக் கையால்? முப்பத்து மூன்று வருஷம் ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்த வாய்க்கு இது தானாக வந்துவிடும்: ஹோல்ட், ஹெல்ட், ஹெல்ட். நாற்பது பிள்ளைகள் ஒரே ராகத்தில் கத்தினால் பக்கத்து வகுப்புக் கணக்கு சார் வந்து எட்டிப்பார்ப்பார். ஹோல்ட் த பென், பேனாவைப் பிடி. ஹோல்ட் யுவர் பிரெத், மூச்சை அடக்கு. த ஜக் ஹோல்ட்ஸ் டூ லிட்டர்ஸ், இந்தக் கூஜா ரெண்டு லிட்டர் கொள்ளும். ஹோல்ட் எ மீட்டிங், கூட்டம் நடத்து. ஹோல்ட் யுவர் டங், வாயை மூடு, இது மட்டும் ஒரே தடவையில் எல்லாருக்கும் புரிந்துவிடும். "ஒரே வார்த்தை எத்தனை வேலைதான் டீச்சர் பாக்கும்?" என்று அமுதரசி என்று ஒரு பிள்ளை கேட்டாள். "உங்கம்மா வீட்டுல எத்தனை வேலை பாக்குறாக?" என்று இவள் திருப்பிக் கேட்டதும் வகுப்பே கப்சிப். பல்பு மாட்டுகிற ஹோல்டர். அப்பா ராமேஸ்வரம் போகும்போது படுக்கையைச் சுருட்டிக் கட்டிய ஹோல்டால், அதற்குள் எப்போதும் ஒரு தேங்காய் எண்ணெய் வாடை. நம் ஊர்ப் பிடி மட்டும் லேசுப்பட்டதா? பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், சளி பிடிக்கும், அடம் பிடிக்கும், மழை பிடித்துக்கொள்ளும். மழை? டீச்சர் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். மொட்டை மாடியில் நாலு படி அரிசிக் கூழ்வத்தல் காய்கிறது. தெற்கே ஒரு மேகம் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போல நின்றுகொண்டிருந்தது. வராது, இந்த ஊரில் மேகம் வரும், மழை வராது. பிடித்திருக்கிறது என்றால்? அதையும் அந்த அமுதரசிதான் கேட்டாள். "பிடிச்சிருக்குன்னா ஐ ஹோல்ட் யூவா டீச்சர்?" வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது, இவளும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் வீட்டில் அவரிடம் சொன்னது தப்பாய்ப் போயிற்று. ஒரு வாரத்துக்கு விடவில்லை மனுஷன். தோசை ஊற்றும்போது வந்து நிற்பார், "டீச்சர், ஐ ஹோல்ட் யூ." துணி காயப்போடும்போது, "டீச்சர், ஐ ஹோல்ட் யூ." பிள்ளை மதிக்கு அப்போது ஆறு வயசு, அவளும் சேர்ந்துகொண்டாள்.

மோதிர விரல் இருபது ஆயிற்று. இந்தக் கைதான் முப்பத்து நாலு வருஷம் டிக்கெட் கிழித்தது. நகர்ப் பேருந்தில் கண்டக்டர். அருப்புக்கோட்டையிலிருந்து வேலம்பட்டி, ஏழு ஐம்பது வண்டி. டீச்சர் வேலைக்குச் சேர்ந்த வருஷம், இருபத்து மூன்று வயசு, வாய் நிறைய இங்கிலீஷும் கை நிறையக் குடையும் பையும் சாப்பாட்டுத் தூக்குமாக முதல் நாள் அந்த வண்டியில் ஏறினாள். ரைட் என்று அவர் குரல் கொடுத்தால் வண்டி போகும். ஹோல்டான் என்றால் நிற்கும். பின்வாசலில் நின்று ஒரு குரல் விட்டால் முன்னால் டிரைவர் காதில் போய் மோதும், விசிலெல்லாம் அவருக்குச் சும்மா சட்டைப் பைக்கு அழகு. பத்தாம் நாளோ பதினொன்றாம் நாளோ இவளால் பொறுக்கவில்லை. "கண்டக்டர் சார், அது ஹோல்டான் இல்ல. ஹோல்ட், ஆன். ரெண்டு வார்த்தை." அவர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டியபடியே சொன்னார்: "ரெண்டு வார்த்தையாச் சொன்னா வண்டி ஸ்டாப்பைத் தாண்டிரும் டீச்சர்." பஸ்ஸே சிரித்தது. அன்றைக்கு வந்த கோபம் இறங்கி நடந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் இருந்தது, அதற்குமேல் இருக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் தாமதமாகி, குடை ஒரு பக்கம் பை ஒரு பக்கமாக இவள் ஓடி வருகிறாள். கிளம்பிவிட்ட வண்டிக்குள்ளிருந்து அந்தக் குரல்: "டீச்சர் வர்றாங்க, ஹோல்டான்!" வண்டி நின்றது. அத்தனை ஜன்னலிலும் தலை. ஏறும்போது மூச்சு வாங்கியது ஓடியதால் மட்டும் இல்லை என்று இன்றைக்கு வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு வரன் வருகிறது என்று அப்பா சொன்னார், வந்து பாயில் உட்கார்ந்தது கண்டக்டர். காப்பித் தட்டோடு இவள் நிலைப்படியில் நின்றதைப் பார்த்து, பதட்டத்தில், பழக்க தோஷத்தில், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று விட்டார் பாருங்கள் ஒரு குரல். பொண்ணு பிடிச்சிருக்கா என்று யாரும் யாரையும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

புல்லாங்குழல் ஒரு சுற்று முடிந்து மறுபடி ஆரம்பித்தது. பதினாலு சதவீதம். ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகியும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். "அண்ணே, நாலரை வண்டி போயிருச்சா?" வேலம்பட்டி மேலத்தெருவில் கீரை விற்கிற அக்கா, கல்லூரிப் பிள்ளைகள், பிரசவத்துக்கு வந்த மகளைத் திரும்ப அனுப்புகிற அம்மா, எல்லாருக்கும் அந்த மூன்று ஏழு தெரியும். இவர் உடனே ஓடுகிற வண்டியின் டிரைவருக்குப் போன் போட்டு, எங்கே வருகிறது என்று கேட்டு, திரும்பக் கூப்பிட்டு, "இப்பத்தான் பாலத்தைத் தாண்டுது தாயி, நீ மெதுவா நட, நான் சொல்லிட்டேன்" என்பார். "ஊருக்கு உழைச்சது போதாதா, வீட்டுக்குள்ள ஒரு பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸ் வேறயா?" என்று இவள் எத்தனை நாள் கத்தியிருக்கிறாள். சாப்பாட்டில் பாதியில் எழுந்து போவார், எச்சில் கை காயும். எரிச்சல் எரிச்சலாக வரும். இப்போது அந்த எரிச்சல் ஒரு நாளைக்குத் திரும்பி வந்தால் போதும் என்றிருக்கிறது. போன வாரம் காய்கறிக் கடையில் கீரைக்கார அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் நம்பரு சுவிட்ச் ஆப்னே வருதே டீச்சர். பேசுறாகளா?" "பேசுவாக" என்றாள் டீச்சர். பேசுறாக, பேசுவாக, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம். யோசித்துப் பார்த்தால் அவருக்குப் பேசுவதற்கு யார் இருக்கிறார்கள், வீட்டில் இவள் ஒருத்தி, ஓசூரில் மதி. அவர் பேச்செல்லாம் அந்த நம்பருக்குள்தான் இருந்தது. அது போய்விட்டால் வாயைத் திறந்துதான் என்ன ஆகப்போகிறது என்று அவர் முடிவு கட்டிவிடுவார். அந்தச் சுவர்ப் பக்கத்து முதுகைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால்தான் இந்த நம்பர் சாகக் கூடாது.

முதல் பரீட்சை, புல்லாங்குழல் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பாஸ் ஆகிவிட்டது. "நம்பர் ஹோல்டர் பேர் சொல்லுங்க மேடம்" என்று அந்தப் பெண் கேட்டதும் டீச்சர் கொஞ்சமும் தயங்கவில்லை. "எஸ் ஃபார் சிவகாசி, ஓ ஃபார் ஊட்டி, எல் ஃபார் லால்குடி" என்று ஆரம்பித்துப் பத்து எழுத்தையும் தனித்தனியாக எடுத்து வைத்தாள். எழுத்து எழுத்தாகச் சொன்னால் பேரைச் சொன்னதாக ஆகாது. இது அவளே வகுத்த சட்டம், பேங்க், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, வாக்குச்சாவடி எல்லா இடத்திலும் செல்லுபடியாகும். அந்தப் பெண் பத்தையும் சேர்த்து வாய்விட்டுப் படித்து, "கரெக்டா மேடம்?" என்றாள். கரெக்ட். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள், அதுவும் அடுத்தவள் புருஷன் பேரை. வடிவு டீச்சர் கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவர் பேரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வீட்டுக்காரி சொல்லாததை நாம் முந்திக்கொண்டு சொல்வது மரியாதை இல்லை, ஆகையால் நாமும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம். எதிரில் இருந்தால் "ஏங்க." வெளியில் "மதி அப்பா." ஸ்கூலில் "எங்க வீட்ல." ஒரு வருஷம் ஏழாம் வகுப்பில் அதே பேரில் ஒரு பையன் வந்து சேர்ந்துவிட்டான். வருகைப் பதிவேடு எடுக்கும்போது இருபத்து இரண்டு வரைக்கும் பேராக வரும், அடுத்தது, "நம்பர் இருபத்து மூணு." அப்புறம் மறுபடி பேர்கள். தன்னிடம் மட்டும் டீச்சருக்கு என்ன கோபம் என்று அந்தப் பையன் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அந்த அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நீங்க நம்பரையே சொல்லுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இது போதாதென்று மதுரைப் பக்கம் முருகன் கோயில் ஒன்றுக்கும் அதே பேர். பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றால், "அழகர்கோயிலுக்கு மேல இருக்குல்ல, அந்த முருகன் கோயிலுக்கு ரெண்டு" என்று சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் கண்டக்டராக இருந்தும் வாயைத் திறக்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருவார். இறங்கினதும் ஆரம்பிப்பார். "ஒருக்கா சொல்லேன் டீச்சர். ஒரே ஒருக்கா. யாரு கேக்கப்போறா?" "போங்க அங்கிட்டு." அந்த மலைப்படியில், கொல்லையில், ரயிலில், மதி பிறந்த ஆஸ்பத்திரியில், ரிட்டயர் ஆகி மாலையோடு வந்த அன்றைக்கு ராத்திரி, "ஒருக்கா சொல்லேன்."

சொல்லியிருக்கலாம். என்ன குறைந்து போயிருக்கும்? குறைந்து போயிருக்கும் என்றுதானே அம்மா சொன்னாள். தாலி ஏறின மறுநாள், தலையில் பூவை வைத்துக்கொண்டே, "வாய் தவறியும் பேரைச் சொல்லிராத, சொல்லச் சொல்ல ஆயுசு குறையும்." டீச்சர் பி.எட். படித்தவள். மூட நம்பிக்கை ஒழிப்பு என்று கட்டுரைப் போட்டி வைத்து, முதல் பரிசாக டிபன் பாக்ஸ் கொடுத்தவள். மற்றவர்கள் விஷயத்தில் அவளுக்கு எந்த நம்பிக்கையும் கிடையாது. ஆனால் இதைப் பரீட்சை பண்ணிப் பார்க்க அவளிடம் இருப்பது ஒரே ஒரு புருஷன். அதனால் அடக்கியே வைத்தாள், முதலில் வெட்கத்தில், அப்புறம் பழக்கத்தில், அதற்கப்புறம் பயத்தில். மதுரை ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் நர்ஸ் சொன்னாள், "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா, கண்ணு முழிக்கிறாரா பாப்போம்." டீச்சர் குனிந்து, "ஏங்க, ஏங்க" என்றாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு பெரியவர் என்னம்மா என்று கேட்டார். நர்ஸ் பொறுமை இல்லாமல் தானே அவர் பேரைச் சொல்லி, கன்னத்தில் தட்டிக் கூப்பிட்டாள். கண் திறந்தது. சந்தோஷத்தில் அழுதாள், அழும்போதே உள்ளே ஓரத்தில் சுருக்கென்று ஒன்று குத்தியது. போய் வந்த உயிரைக் கூப்பிட்ட குரல் யாருடையதோ. அன்றைக்கு ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்து இவள் ஒரு கணக்குப் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் டிபன் பாக்ஸ் வாங்கின பிள்ளைகள் சிரிக்கும். முப்பத்தாறு வருஷமாக நாம் சொல்லாமல் பிடித்து வைத்திருந்தோமே, அதனால்தான் இந்த மட்டோடு விட்டது. இனிமேல்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதனால்தான் பேச்சுப் பயிற்சிக்கு வருகிற எஸ்தர், "அவங்க பேரை நீங்க சொல்லணும்மா, நான் சொன்னா மோட்டுவளையைப் பாக்குறாங்க. பழகின குரல் வேணும். உங்க வாயைப் பாத்துத்தான் அவங்க வாய் வரும்" என்று சொன்னபோது, "இந்தா காப்பி போட்டுட்டு வர்றேன்" என்று இவள் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். பால் பொங்குகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். உதடு மட்டும் அந்தப் பேரைச் சத்தமில்லாமல் ஒரு தடவை போட்டுப் பார்த்தது. உடனே பயந்துபோய் வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். படித்தவள் செய்கிற காரியமா? இல்லைதான். ஆனால் செய்தாள்.

கட்டைவிரல் பாக்கி. அதை மடக்கும்போது அவர் லேசாகத் திரும்பிப் பார்த்தார். ஒரு வாரத்தில் முதல் தடவை சுவரை விட்டு இந்தப் பக்கம். போனைப் பார்த்தார், புல்லாங்குழலைக் கேட்டார், இது என்ன கச்சேரி என்பதுபோல இடது புருவம் ஏறியது. "உங்க நம்பர் விஷயமாத்தாங்க பேசிக்கிட்டிருக்கேன்" என்றாள் டீச்சர். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. "வேற ஆளுக்குக் குடுக்கப் போறாகளாம். அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். நீங்க உங்க பேரும் பொறந்த தேதியும் சொல்லணும். சொன்னா விட்ருவாக. ஒரு வார்த்தைதாங்க. முடியுமா?" அவர் கண் அவள் முகத்திலேயே நின்றது. ஜன்னல் வெளிச்சம் மங்கிற்று. அந்த மேகம் தேடியது இந்தத் தெருவைத்தான் போலிருக்கிறது. நாலு படி வத்தல். எழுந்து ஓடினால் இரண்டு நிமிஷம், படி ஏற ஒன்று இறங்க ஒன்று. போனில் ஐந்து சதவீதம், திரையில் சிவப்பு. அவர் கையை விட்டுவிட்டு வத்தலைப் பிடிப்பதா, வத்தலை விட்டுவிட்டு லைனைப் பிடிப்பதா. போகட்டும், கூழாகவே போகட்டும், இன்னொரு நாள் பிழிந்துகொள்ளலாம்.

புல்லாங்குழல் நடுவில் அறுந்தது. "ஹலோ மேடம், காத்திருந்ததுக்கு நன்றி. ஹோல்டர் பக்கத்துல இருக்காருங்களா?"

"இருக்காகம்மா. கொஞ்சம் உடம்புக்கு முடியாதவக. மெதுவாத்தான் பேசுவாக."

"பரவால்ல மேடம். சார், உங்க பேர் சொல்லுங்க சார்."

டீச்சர் போனை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். அவர் வாய் திறந்தது. காற்று வந்தது. தொண்டைக்குள் ஏதோ உருண்டு, நாக்கு இடமும் வலமும் போய்த் தேடி, கிடைக்காமல் நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வேர்வை. பின்வாசலில் நின்று ஒரு பஸ்ஸையே நிறுத்தின தொண்டை.

"சார் லைன்ல இருக்காரா மேடம்? வாய்ஸ் எதுவும் ரெக்கார்ட் ஆகல."

"இருக்காக, இருக்காக. சொல்லுங்க. ஏங்க, சொல்லுங்களேன்."

அவர் போனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். இடது கை எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. மலைப்படியில், ரயிலில், கொல்லையில் பார்த்த அதே பார்வைதான். அங்கெல்லாம் அதில் ஒரு குறும்பு இருக்கும், இன்றைக்கு அது இல்லை. வழி தெரியாதவர் வழி கேட்கிற பார்வையாக இருந்தது. அவருக்குத் தன் பேர் எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷமாகப் பத்திரமாக அவளிடம்தான் இருக்கிறது. அம்மா, மன்னிச்சுக்கோம்மா. பிடித்து வைத்திருந்தது எல்லாம் இவருக்காகத்தானே, இவருக்கே வேண்டும் என்று கேட்கும்போது இல்லை என்றா சொல்வது?

"மேடம், சார் பேசலைன்னா நான் க்ளோஸ் பண்ணிடுவேன், நீங்க திரும்ப ஃப்ரெஷ்ஷா கால் பண்ணணும்."

டீச்சர் குனிந்தாள். காதோரத்து நரைமுடி உதட்டில் பட்டது.

"சோலைமலை" என்றாள்.

தன் குரலைத் தானே கேட்டாள். நினைத்ததை விடச் சின்னப் பேராக இருந்தது, நினைத்ததை விட அழகாகவும் இருந்தது. மின்விசிறி அதன்பாட்டுக்குச் சுற்றியது. மாடியில் பொட்டுப் பொட்டென்று மழை விழத் தொடங்கியது. நிமிர்ந்து அவர் மார்பைப் பார்த்தாள், ஏறி இறங்கியது, இன்னொரு தடவையும் ஏறி இறங்கியது. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். வலது கடைவாய் அசையாமல் இருக்க, இடது பக்கம் மட்டும் ஒரு சிரிப்பு மேலே போய்க்கொண்டிருந்தது. கண் இரண்டும் நிரம்பி, காதுப் பக்கமாக வழிந்தது. உதடு குவிந்தது, விரிந்தது.

"இ... இன்..." என்றார். மூச்சை இழுத்துக்கொண்டார். "இன்னொருக்கா."

எழுபத்து நாலு நாளில் முதல் வார்த்தை. கொஞ்சம் குழறல்தான், ஆனால் வார்த்தை. டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"மேடம்? ஹலோ? மேடம், கட் பண்ணிடவா?"

டீச்சர் போனைத் தன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். நாற்பது பிள்ளைகளைக் கடந்து கடைசி பெஞ்ச் வரைக்கும் போகிற அந்தப் பழைய குரலை எடுத்து, ஒரே வார்த்தையாக ஒரு போடு போட்டாள்.

"ஹோல்டான்!"

அந்தப் பக்கம் லைன் அறாமல் நின்றது. கட்டிலில் கிடந்தவரின் தோள் சிரிப்பில் குலுங்கியது. மூன்று சதவீதம் இருந்தது. டீச்சர் போனை அவர் மார்பில் வைத்துவிட்டு, மறுபடி அவர் காதுப் பக்கமாகக் குனிந்தாள்.